‘யெல்லோஃபேஸ்’ நாவலைப் பென்சிலோடு படிப்பது எப்படி?

“ஆங்கிலத்தில் ஒரு நாவலைக்கூட முழுதாகப் படித்ததில்லை, எங்கே தொடங்கலாம்?” என்று கேட்கிறவர்களுக்குக் கொஞ்ச காலமாக நான் ஒரே புத்தகத்தைத்தான் எடுத்துக் கொடுக்கிறேன்: ஆர். எஃப். குவாங் எழுதிய ‘யெல்லோஃபேஸ்’. நடை எளிது. முந்நூற்றுச் சொச்சம் பக்கம். முதல் பக்கத்திலேயே கதை ஓடத் தொடங்கிவிடுகிறது. ஆனால் வாங்கிப் போனவர்களில் பாதிப் பேர் திருப்பிக் கொடுக்கும்போது ஒரே கேள்வியோடு வந்தார்கள்: “அந்தப் பெண் கடைசியில் மாட்டிக்கொண்டாளா, தப்பித்துவிட்டாளா?” அதற்காகப் படித்தால் இது சுமாரான ஒரு மர்மக் கதை. வேறு மாதிரி படித்தால் மிக நல்ல நாவல். அந்த வேறு மாதிரிக்குத்தான் இந்த வழிகாட்டி.

தேவையானவை: சொந்தப் பிரதி ஒன்று, பென்சில் ஒன்று, ஐந்தாறு மாலைப் பொழுதுகள். நூலகப் பிரதி என்றால் ஒட்டிக் கிழிக்கும் சிறு தாள்கள் போதும். கைபேசியில் படிக்க வேண்டாம். பென்சிலால் குறி வைக்க முடியாது என்பது மட்டும் காரணமல்ல, கதையில் பாதி கைபேசித் திரையில்தான் நடக்கிறது, இரண்டும் குழம்பிவிடும்.

கதையின் தொடக்கம் இது. ஜூன் ஹேவர்ட் என்ற வெள்ளைக்கார எழுத்தாளர். அவளுடைய முதல் நாவல் வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது. அவளோடு யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவள் அதீனா லியு, சீன அமெரிக்கப் பெண். அவள் தொட்டதெல்லாம் துலங்குகிறது. நெட்ஃபிளிக்ஸ் ஒப்பந்தம் ஒன்றைக் கொண்டாடும் இரவில், வாஷிங்டனில் தன் வீட்டிலேயே, பாண்டன் இலை போட்ட பான்கேக் தொண்டையில் அடைத்து ஜூனின் கண்ணெதிரே அதீனா இறந்துபோகிறாள். (பாண்டன் என்பது வேறொன்றும் இல்லை, இலங்கைச் சமையலில் வரும் ரம்பை.) அதீனா தட்டச்சுப் பொறியில் அடித்து முடித்திருந்த, வேறு யாரும் படித்திராத நாவலின் கட்டு ஜூனின் பையில் ஏறி அவள் வீட்டுக்கு வந்து சேர்கிறது. இதெல்லாம் தொடக்க அத்தியாயங்களிலேயே நடந்துவிடுவதால், நான் எந்த ரகசியத்தையும் உடைத்துவிடவில்லை.

1. அட்டையைப் புரட்டும் முன்

இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். ஒன்று, எழுதியவர். ரெபெக்கா குவாங் 1996இல் சீனாவின் குவாங்ஜோவில் பிறந்து, நான்கு வயதில் அமெரிக்கா வந்து, டெக்சாஸில் வளர்ந்தவர். இருபத்திரண்டு வயது நிறையும் முன்பே 2018இல் முதல் நாவல் வெளிவந்துவிட்டது. பிறகு கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு, யேல் என்று படிப்பு. அதாவது, நாவலில் பொறாமைக்கு இலக்காகிற அதீனாவின் இடத்தில் நிஜத்தில் இருப்பவர் அவர்தான். ஆனால் கதையை அதீனாவின் வாயால் சொல்லவில்லை. அதீனாவைக் கண்டு வயிறெரிகிற வெள்ளைக்காரியின் வாயால், ‘நான்’ என்று சொல்கிறார். ஒரு சீன அமெரிக்கர் வெள்ளைக்காரியின் குரலை எடுத்து அணிந்துகொண்டு, சீனக் கதையை எடுத்து அணிந்துகொண்ட வெள்ளைக்காரியைப் பற்றி எழுதுகிறார். இந்த முடிச்சை மனத்தின் ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இரண்டு, தலைப்பு. கிழக்காசியர் வேடத்தை வெள்ளை நடிகர்கள் ஒப்பனை பூசி, கண் ஓரத்தை இழுத்து ஒட்டி நடித்த ஹாலிவுட் வழக்கத்துக்கு அந்தப் பெயர். 1937இல் வெளிவந்த ஒரு படத்தில் சீன விவசாயியின் மனைவியாக நடித்த லூயிஸ் ரெய்னருக்கு ஆஸ்கர் விருது கிடைத்தது. லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த சீன அமெரிக்க நடிகை அன்னா மே வாங் அந்த வேடத்தை மிகவும் விரும்பினார், கொடுக்கவில்லை. நாவலின் ஜூன் முகத்தில் மை எதுவும் பூசுவதில்லை. அவள் பூசிக்கொள்வது ஒரு பெயரை. அதைப் பிறகு பார்ப்போம்.

2. அந்தக் கடையின் சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

தமிழ் வாசகர்கள் இடறுவது ஆங்கிலத்தில் அல்ல, அமெரிக்கப் பதிப்புத் தொழிலில். நம்மிடம் ஒரு நாவலாசிரியர் கையெழுத்துப் பிரதியோடு பதிப்பாளரிடம் நேராகப் போகிறார். பல புத்தகங்கள் சில நூறு பிரதிகள்தான் அச்சாகின்றன. ராயல்டி (விற்ற பிரதிகளுக்காக எழுத்தாளருக்குக் கிடைக்கும் பங்கு) வந்தால் வந்தது. அங்கே பெரிய பதிப்பகத்தின் கதவை எழுத்தாளர் நேராகத் தட்ட முடியாது. நடுவில் ஏஜென்ட் உண்டு. அவர்தான் பிரதியை விற்பார், பேரம் பேசுவார், வருகிற பணத்தில் பொதுவாக 15 விழுக்காடு எடுத்துக்கொள்வார். ஒரே பிரதிக்குப் பல பதிப்பகங்கள் போட்டியிட்டால் ஏலம்.

இதில் ‘அட்வான்ஸ்’ என்ற சொல்லைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் பாதி நாவல் பிடிபட்டுவிடும். அது பரிசு அல்ல, வரப்போகும் ராயல்டியிலிருந்து முன்கூட்டியே கொடுக்கும் பணம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு 10,000 டாலர் அட்வான்ஸ். ஏஜென்ட்டுக்கு 1,500 போனால் கையில் 8,500. அதுவும் கையெழுத்திடும்போது கொஞ்சம், பிரதியை ஒப்படைக்கும்போது கொஞ்சம், வெளியாகும்போது மீதி. கெட்டி அட்டைப் புத்தகம் 28 டாலர், ராயல்டி 10 விழுக்காடு என்று வைத்தால் பிரதிக்கு 2 டாலர் 80 சென்ட். ஏறத்தாழ 3,570 பிரதி விற்றால்தான் அட்வான்ஸ் அடைபடும். அதற்குப் பிறகுதான் ஒரு காசாவது புதிதாக வரும். அடைபடாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள். அடுத்த புத்தகத்தை வாங்கவும் மாட்டார்கள், அல்லது அரை விலைக்குக் கேட்பார்கள். ஜூனின் வயிற்றெரிச்சலுக்கு அடியில் இந்தக் கணக்கு இருக்கிறது. கொடுத்த அட்வான்ஸ் எவ்வளவு பெரிதோ அதற்கேற்பத்தான் விளம்பரத்துக்கும் செலவழிப்பார்கள். ஆகவே எந்தப் புத்தகம் ஓடும் என்பது அது வெளிவருவதற்கு முன்பே ஓரளவு தீர்மானமாகிவிடுகிறது. இந்த ஏற்பாட்டைப் பற்றி ஜூன் புலம்புகிற பக்கங்களில் அவள் சொல்வது பெரும்பாலும் உண்மை. உண்மையைச் சொல்லிக்கொண்டே திருடுகிறாள் என்பதுதான் வேடிக்கை. 2020 ஜூன் மாதத்தில் அமெரிக்க எழுத்தாளர்கள் பலர் தங்கள் அட்வான்ஸ் தொகையைச் சமூக ஊடகத்தில் வெளிப்படையாக எழுதினார்கள்; கறுப்பின எழுத்தாளர்களுக்கும் வெள்ளையர்களுக்கும் இடையிலான இடைவெளி அப்போது பொதுவெளிக்கு வந்தது. ஜூன் நம்புகிற கணக்கு அதற்கு நேர் எதிர்: இந்தக் காலத்தில் தன்னைப் போன்ற சாதாரண வெள்ளைக்காரிக்குத்தான் இடமில்லை என்பாள்.

இன்னொரு சொல், ‘சென்சிட்டிவிட்டி ரீடர்’. ஒரு சமூகத்தைப் பற்றி வெளியாள் எழுதும்போது, தவறும் இழிவும் இருக்கிறதா என்று அச்சமூகத்தைச் சேர்ந்த ஒருவரிடம் கூலி கொடுத்துப் படிக்கச் சொல்வது. நாவலில் கேண்டிஸ் லீ என்ற இளநிலை உதவியாசிரியர், கொரிய அமெரிக்கப் பெண், அப்படி ஒருவரை வைக்கலாம் என்று யோசனை சொல்கிறாள். அதற்கு என்ன ஆகிறது என்பதைக் கவனியுங்கள். அமெரிக்கப் பதிப்புத் துறையில் 2019இல் எடுத்த ஒரு கணக்கெடுப்பில் 76 விழுக்காட்டினர் வெள்ளையர். அந்த அறையில் கேண்டிஸ் எவ்வளவு தனியாள் என்பது இதிலிருந்து தெரியும்.

மற்றச் சொற்களைப் போகிறபோக்கில் விட்டுவிடலாம்.

3. முதல் அத்தியாயங்களை ஒரே இருப்பில், பென்சிலோடு

இதுதான் முக்கியமான படி. இரண்டு குறிகள் போதும். ‘அட, அவள் சொல்வதும் சரிதானே’ என்று உங்களுக்குத் தோன்றிய இடத்தில் ஓரத்தில் ஒரு கோடு. ‘ஆனால்’, ‘உண்மையில்’, ‘யாராக இருந்தாலும்’ என்கிற மாதிரி அவள் வாக்கியத்தைத் தொடங்கினால் அந்தச் சொல்லைச் சுற்றி ஒரு வட்டம். நல்லவர் மாதிரி நடிக்காமல் கோடு போடுங்கள். உங்கள் பிரதியை வேறு யாரும் பார்க்கப் போவதில்லை.

நான் முதல் முறை படித்தபோது பென்சில் இல்லை. இரண்டு இரவில் முடித்துவிட்டேன். இரண்டாம் முறை கோடு போட்டுக்கொண்டே போனபோது, திருட்டு நடந்த பிறகும்கூடப் பக்கத்துக்குப் பக்கம் கோடு விழுந்திருந்தது தெரிந்தது. அவள் வழுக்குகிற படிகளைப் பாருங்கள். படித்துப் பார்க்கத்தான் எடுத்தேன். அங்கங்கே விட்டுப்போன இடம் இருந்தது, நிரப்பிப் பார்த்தேன். அரைகுறையாகக் கிடந்ததை உருப்படியாக்கியவள் நான். இவ்வளவு உழைப்புக்குப் பிறகு இது என்னுடையது இல்லையா? அவள் இருந்தால் அவளே இதைத்தான் விரும்பியிருப்பாள். ஒவ்வொரு படியும் அரை அடி உயரம்தான். கீழே இருந்து பார்த்தால்தான் எவ்வளவு தூரம் வந்துவிட்டாள் என்று புரியும்.

குறளில் அதிகார வரிசை நினைவுக்கு வந்தது. 17 அழுக்காறாமை, 18 வெஃகாமை, 19 புறங்கூறாமை, 20 பயனில சொல்லாமை. பொறாமை, பிறர் பொருளுக்கு ஆசை, முதுகுக்குப் பின்னால் பேச்சு, வெட்டிப் பேச்சு. இந்த நாவலின் அத்தியாயங்களும் ஏறக்குறைய அதே வரிசையில்தான் போகின்றன. அந்த நான்காவது கட்டத்துக்கு அமெரிக்காவில் ட்விட்டர் என்று பெயர்.

ஒரு காட்சியை அருகில் வைத்துப் பார்ப்போம். ஜூனும் பதிப்பாசிரியர் டேனியெல்லாவும் பிரதியைச் செப்பனிடுகிறார்கள். முதல் உலகப்போரில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களைப் பற்றிய நாவல் அது. ஒரே மாதிரிப் பெயர்கள் பல வருகின்றன. வாசகர் குழம்புவார் என்று மாற்றுகிறார்கள். வெள்ளையர் பாத்திரங்கள் கொடுமைக்காரர்களாக இருக்கிறார்கள், கொஞ்சம் இளக்குகிறார்கள். அந்தக் காலத்து வெள்ளையர் வாயில் வரும் ‘கூலி’ என்ற வசைச்சொல்லும் அதன் உறவுச் சொற்களும் இந்தக் காலத்துக்கு ஒவ்வாதவை என்று போகின்றன. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நாகரிகமான காரணம் உண்டு. முடிவில், அந்த மனிதர்களை இழிவுசெய்தவர்கள் யார் என்பதே மங்கிப் போகிறது.

‘கூலி’ என்ற சொல்லில் தமிழ் வாசகர் ஒரு கணம் நிற்க வேண்டும். அது நம்முடைய கூலியிலிருந்து போனது என்று ஒரு சாராரும், குஜராத்தின் கோலி என்ற சமூகப் பெயரிலிருந்து போனது என்று இன்னொரு சாராரும் சொல்கிறார்கள். எங்கிருந்து போயிருந்தாலும், கூலி வாங்குவதைக் குறித்த சொல்லாக நாம் வைத்திருக்கும் ஒன்று, கடல் கடந்து வாங்குகிறவனையே குறிக்கும் வசையாகிவிட்டது. கண்டித் தேயிலைத் தோட்டத்துக்கும் மலேயா ரப்பர்த் தோட்டத்துக்கும் போனவர்களைக் கப்பல் பதிவேடுகள் அழைத்ததும் அதே சொல்லால்தான். அதைப் பிரதியிலிருந்து அழிப்பது மரியாதையா, தடயத்தை அழிப்பதா? என் பிரதியில் அந்தப் பக்கத்தில் முதலில் கோடு போட்டிருக்கிறேன், பிறகு அதன்மேல் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன்.

இன்னொரு சிறு பயிற்சி. ஆங்கிலத்து ‘வீ’ (we) வரும்போதெல்லாம் மனத்துக்குள் தமிழாக்கிப் பாருங்கள். நாமா, நாங்களா? பதிப்பாசிரியரும் ஜூனும் சேர்ந்த ‘நாங்கள்’ ஒன்று இருக்கிறது. செத்துப்போன அதீனாவையும் இழுத்துச் சேர்த்துக்கொண்டு, இது இருவரும் சேர்ந்து செய்த வேலை என்று அவள் கட்டுகிற ‘நாங்கள்’ இன்னொன்று. வாசகரையும் உள்ளே இழுக்கிற ‘நாம்’ மூன்றாவது. ஆங்கிலத்தில் மூன்றும் ஒரே சட்டையில் வருகின்றன. நம் மொழியில் மறைக்க முடியாது.

4. நடுவில் ஒரு இடைவேளை: அந்த மனிதர்கள் யார்?

அதீனா எழுதியது கற்பனை நாவல்தான். அதன் பொருள் கற்பனை அல்ல. மேலே படிக்கும் முன் அரை மணி நேரம் இதற்குக் கொடுங்கள்.

1916 முதல் பிரான்சும் பிரிட்டனும் சீனாவில் ஆள் எடுத்தன. பிரிட்டனுக்கு ஏறத்தாழ 95,000 பேர், பிரான்சுக்கு 40,000 பேர் அளவில். மொத்தம் 1,40,000 பேர் வரை என்று சொல்கிறார்கள். பிரிட்டன் எடுத்தவர்களில் பெரும்பாலோர் ஷாண்டோங் மாகாணத்து விவசாயிகள். வெய்ஹாய்வெய் துறைமுகத்தில் விரல் ரேகை எடுத்து, மணிக்கட்டில் எண் பொறித்த உலோக வளையம் மாட்டினார்கள். பலரைப் பசிபிக் கடலைத் தாண்டி வான்கூவர் கொண்டுபோய், அங்கிருந்து ரயிலில் கனடாவின் குறுக்கே, இறங்க விடாமல், காவல் போட்டுக் கொண்டுபோனார்கள். ஆயுதம் கொடுக்கவில்லை. அகழி தோண்டுவது, தண்டவாளம் போடுவது, குண்டுகளைச் சுமப்பது. போர் முடிந்த பிறகும் வெடிக்காத குண்டுகளைப் பொறுக்குவதும் பிணங்களை அடக்கம் செய்வதும் அவர்கள் தலையில் விழுந்தன. பலர் 1918இன் விஷக் காய்ச்சலில் செத்தார்கள்.

பிரிட்டிஷ் போர்வீரர்களுக்கு வெள்ளியில் வார்த்த போர்ப் பதக்கத்தையே இவர்களுக்கு வெண்கலத்தில் கொடுத்தார்கள். (இந்தியத் தொழிலாளர் படைக்கும் வெண்கலம்தான்.) விளிம்பில் ஆளின் பெயர் இல்லை, எண்ணும் படையின் பெயரும்தான். வடக்கு பிரான்சில் நொயெல்-சுர்-மேர் என்ற ஊருக்கு அருகே எண்ணூறுக்கும் மேற்பட்ட சீனர் கல்லறைகள் இருக்கின்றன. கல்லில் பொறிப்பதற்கென்று வைத்திருந்த சில வாசகங்களில் ஒன்றின் பொருள்: நற்பெயர் என்றும் நிலைக்கும்.

இதைப் படித்துவிட்டு, பெயர்கள் குழப்புகின்றன என்று மாற்றுகிற அந்தப் பக்கத்துக்குத் திரும்பிப் போங்கள். முதல் முறை வெறும் செப்பனிடும் வேலையாகத் தெரிந்தது இப்போது அப்படித் தெரியாது.

5. இரண்டு குற்றங்களைக் கலக்காதீர்கள்

புதிதாகப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் வழி தவறுவது இங்கேதான். பிரதியைத் திருடுவது ஒன்று. தன்னுடையதல்லாத ஒரு சமூகத்தின் வலியை எழுதி விற்பது இன்னொன்று. குவாங் இரண்டையும் வேண்டுமென்றே ஒரே ஆளிடம் முடிந்து வைத்திருக்கிறார். நீங்கள் அவிழ்க்க வேண்டும்.

முதல் குற்றத்தில் சந்தேகமே இல்லை. அச்சாகாத பிரதிக்கும் பதிப்புரிமை உண்டு. அமெரிக்கச் சட்டப்படி எழுதியவர் இறந்து 70 ஆண்டு வரை அது அவருடைய வாரிசுகளுக்கு. இந்தியாவில் பொதுவாக 60 ஆண்டு. ஆக, ஜூன் கொள்ளையடிப்பது செத்துப்போன தோழியை மட்டும் அல்ல, உயிரோடு இருக்கும் அவளுடைய தாயையும். திருமதி லியுவை ஜூன் நேரில் போய்ப் பார்க்கிற காட்சி வரும். அப்போது இந்தச் சட்ட நுணுக்கம் மனத்தில் இருந்தால் நாற்காலியில் சாய்ந்து உட்கார முடியாது.

சட்டம் காப்பது சொற்களை; கருத்தை அல்ல. இந்த வேறுபாடும் பின்பகுதியில் தேவைப்படும். 2006இல், சென்னையில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஒரு ஹார்வர்டு மாணவியின் முதல் நாவலை, அது வெளிவந்த சில வாரங்களிலேயே பதிப்பகம் திரும்பப் பெற்றது. வேறொருவரின் நாவல்களிலிருந்து வரிக்கு வரி ஒத்த பகுதிகள் கிடைத்ததால். (பெயரைத் தேடினால் கிடைக்கும். பத்தொன்பது வயதில் செய்ததற்காக நானும் ஒரு முறை எழுத வேண்டுமா என்று விட்டுவிட்டேன்.) அங்கே பிடித்துக் காட்ட வரிகள் இருந்தன. ஜூன் எடுத்ததற்கு வேறு பிரதியே கிடையாது. ஒப்பிட ஆள் இல்லாத திருட்டை எப்படி நிரூபிப்பது என்பதுதான் கதையின் இழுவிசை.

இரண்டாவது கேள்வி கடினம். ஜூன் எதையும் திருடாமல், ஆவணக் காப்பகங்களில் ஐந்து வருடம் உட்கார்ந்து, அதே சீனத் தொழிலாளர்களைப் பற்றித் தானே எழுதியிருந்தால்? நான் தவறில்லை என்பேன். நாவலும் ‘வெளியாள் எழுதக்கூடாது’ என்று எங்கும் சொல்லிவிடவில்லை. ஆனால் பதிப்பகம் என்ன செய்கிறது பாருங்கள். ஜூன் ஹேவர்ட் என்ற பெயர் ‘ஜூனிபர் சாங்’ ஆகிறது. சாங் என்பது அவளுடைய தாய் வைத்த நடுப்பெயர்தான். பொய் எதுவும் இல்லை. காதில் விழும்போது சீனக் குடும்பப் பெயராக ஒலிக்கிறது, அவ்வளவே. எந்த இனம் என்று உறுதியாகச் சொல்ல முடியாதபடி ஒரு புகைப்படமும் எடுக்கிறார்கள். யாரும் பொய் சொல்லாமல் ஒரு பொய் தயாராகிறது. எழுதும் உரிமை பற்றிய வாதத்தை மற்ற இடங்களில் வைத்துக்கொள்ளலாம். குவாங்கின் கத்தி இறங்குவது இந்த இடத்தில்.

இது மிகையான கற்பனை என்று நினைக்க வேண்டாம். 2015இல் அமெரிக்காவின் அந்த ஆண்டுக்கான சிறந்த கவிதைகள் தொகுப்பில் யி-ஃபென் சௌ என்ற பெயரில் ஒரு கவிதை இடம்பெற்றது. எழுதியவர் மைக்கேல் டெரிக் ஹட்சன் என்ற வெள்ளைக்காரர். சொந்தப் பெயரில் அனுப்பியபோது 40 இதழ்கள் திருப்பி அனுப்பின, சீனப் பெயரில் 9 இதழ்கள் திருப்பின, பிறகு அச்சானது என்று அவரே எழுதிக் கொடுத்திருந்தார்.

6. அதீனாவைத் தெய்வமாக்காதீர்கள்

இந்தப் பகுதியில் கொஞ்சம் ரகசியம் உடையும். வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம்.

செத்தவளைப் பற்றி நல்லதாகவே பேசும் நம் வழக்கம் இந்த நாவலில் உதவாது. கல்லூரி முதலாண்டில் ஜூனுக்கு நேர்ந்த ஒரு கசப்பான அனுபவத்தை அவள் அதீனாவிடம் மனம் விட்டுச் சொல்கிறாள். அதீனா கேட்கிறாள், ஆறுதல் சொல்கிறாள். சில மாதம் கழித்து அது சிறுகதையாக அச்சில் வருகிறது. ஜூன் அதைப் படிக்கிறாள். சட்டத்தின் கண்ணில் அது திருட்டே அல்ல. வரி எதுவும் களவு போகவில்லை. இதை வைத்து ஜூனின் திருட்டை நியாயப்படுத்தலாமா என்றால், இந்தக் காட்சியையும் நமக்குச் சொல்கிறவள் ஜூன்தான் என்பதை மறந்துவிடுகிறோம். ஏன் இதை இத்தனை பக்கம் தாமதித்துச் சொல்கிறாள்? உங்கள் கோடு இங்கே விழுந்திருந்தால், பக்கத்தில் தேதியும் போட்டு வையுங்கள். எனக்கு மிக நீளமான கோடு விழுந்த பக்கம் இது.

7. ட்விட்டர் பக்கங்கள்

வேகமாகப் படிக்கலாம். அதீனாவின் பேய் என்ற பெயரில் ஒரு கணக்கு கிளம்பி ஜூனைக் குற்றம் சாட்டுகிறது. அதற்குமேல் கூச்சல், எதிர்க் கூச்சல். அந்தத் தளத்தின் பெயர்கூட இப்போது மாறிவிட்டது. சில பக்கங்கள் பழைய செய்தித்தாள் மாதிரி மங்கத் தொடங்கிவிட்டன. கடைசிக் கால்பகுதி எனக்கு முழுக்கப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதுவரை ஒரு மண்டைக்குள் நடந்த கதை, திடீரென்று இரவும் படிக்கட்டுமாக சினிமாவுக்கு ஓடுகிறது. ஆனால் கடைசி சில பக்கங்களில் ஜூன் என்ன செய்யத் திட்டமிடுகிறாள் என்பதை நிதானமாகப் படியுங்கள். நீங்கள் கையில் வைத்திருப்பது என்ன என்ற சந்தேகம் அப்போது வரும்.

8. நாலு பேர் சேர்ந்து பேசுவதாக இருந்தால்

எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரே ஒரு விதி வைத்தோம். ‘யார் கெட்டவர்’ என்று யாரும் தொடங்கக் கூடாது. ஆளுக்கு ஒரு கோட்டை எடுத்து, அந்தப் பத்தியை வாசித்து, ஏன் தலையாட்டினேன் என்று சொல்ல வேண்டும். முதல் பத்து நிமிடம் கோடுகளைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் வட்டங்களையே வாசித்தார்கள். வட்டம் அவளைப் பற்றியது, கோடு நம்மைப் பற்றியது.

பிறகு, பிழை திருத்துபவராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார். “நாற்பது வருடம் மற்றவர்கள் வாக்கியத்தைத் திருத்தியிருக்கிறேன் அம்மா. சில கதைகளில் கடைசிப் பத்தி முழுக்க என்னுடையது. இந்தப் பெண் ‘பாதி என்னுடையது’ என்று எழுதியிருக்கிற இடத்தில் நான் பெரிய கோடாகப் போட்டேன்.”

“நீங்கள் பெயர் கேட்கவில்லையே, ஐயா?” என்றேன்.

“கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களா? அதனால்தான் கேட்கவில்லையோ என்னவோ” என்றார். அன்று அதற்குமேல் நாங்கள் நாவலைப் பற்றி அதிகம் பேசவில்லை. அவர் திருத்திய கதைகளைப் பற்றித்தான் பேசினோம். எழுதியவர் பெயர் ஒன்றைக்கூட அவர் சொல்லவில்லை.

நேரம் இருந்தால் முதல் அத்தியாயத்தை மட்டும் மறுபடி படியுங்கள், இந்த முறை பென்சில் இல்லாமல். தோழி மூச்சுத் திணறுவதை வினாடி வினாடியாக விவரிக்கிறவள், அந்தத் தாள் கட்டு தன் பைக்குள் போன கணத்தை எப்படிச் சொல்கிறாள், எத்தனை வரியில் சொல்கிறாள் என்று பாருங்கள்.

குவாங்கின் புத்தகங்களில் அடுத்துப் படிக்க எது என்று கேட்பீர்கள். 2022இல் வந்த ‘பாபெல்’ 1830களின் ஆக்ஸ்ஃபோர்டில் மொழிபெயர்ப்பாளர்களை வைத்து நடக்கிறது. இரண்டு மொழிச் சொற்களுக்கு நடுவே சிந்திப்போகும் பொருளைக் கொண்டு மாயம் செய்கிறார்கள். இரு மொழியில் வாழ்கிறவர்களுக்குத் தித்திக்கும். ஆனால் ஐந்நூறு பக்கத்துக்கு மேல், அடிக்குறிப்புகள் வேறு. இரண்டாவது ஆங்கில நாவலாக வேண்டாம், நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வைத்துக்கொள்ளுங்கள்.